ஆன்லைன் கடைக்குப் புது வெப்சைட்: பழைய வாடிக்கையாளரை இழக்காமல் மாற்ற 24 குறிப்புகள்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் இருக்கும் சிற்பப் பட்டறைகளில் பலவற்றுக்கு இன்று சொந்தமாக ஒரு வெப்சைட் உண்டு. பட்டறையில் உளி வேலை நடக்கும். ஆர்டர் பார்ப்பது, போட்டோ ஏற்றுவது, கூரியர்காரரைக் கூப்பிடுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் பொடி, வடகம், ஊறுகாய் என்று வீட்டிலிருந்தே விற்பவர்களுக்கும் இதே நிலைதான். ஆறேழு வருடத்துக்கு முன் போட்ட தளம் மொபைலில் சரியாகத் தெரியவில்லை, படம் திறக்க நேரமாகிறது, பணம் கட்டும் இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்று புகார் வரும்போது, 'புதுசாவே போட்டுடலாம்' என்று முடிவெடுக்கிறோம். உடனே பேச்சு நிறத்துக்கும் லோகோவுக்கும் போய்விடுகிறது. கடையை நடத்துவது அவை அல்ல. பழைய தளத்தை நம்பித் திரும்பத் திரும்ப வருகிறவர்கள்தான். அவர்கள் வழி தவறாமல் புதுத் தளத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் கணக்குப் பாருங்கள். போன ஒரு வருட ஆர்டர்களை எக்செல் ஷீட்டில் இறக்கி, எந்தப் பொருள் எத்தனை போனது என்று வரிசைப்படுத்துங்கள். சிறு கடைகளில் பெரும்பாலும் சில பொருள்கள்தான் மொத்த வியாபாரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் (இலவசம்தான்) எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறார்கள், என்ன வார்த்தையைத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். கல்சட்டியைப் பழக்குவது எப்படி என்று என்றைக்கோ எழுதிப் போட்ட நாலு பத்தி, முகப்புப் பக்கத்தைவிட அதிகம் பேரைக் கூட்டி வந்துகொண்டிருக்கலாம். டெவலப்பருக்கு அது தெரியாது. 'பழசையெல்லாம் எடுத்துடலாம்' என்பார். பட்டியல் கையில் இருந்தால்தான் அதைத் தடுக்க முடியும்.

2. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அன்று தளம் போட்டுக்கொடுத்த பையனின் மெயிலில் பதிவாகியிருந்தால், அவர் வேறு வேலைக்குப் போய் நம்பரும் மாற்றிவிட்டால், கடையின் பெயரே உங்கள் கையில் இல்லை. புது வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், டொமைன் உங்கள் பெயருக்கும் உங்கள் மெயிலுக்கும் மாறிவிட வேண்டும். புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

3. முழு பேக்கப் எடுங்கள். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், பழைய ஆர்டர்கள், பில்கள், பெரிய அளவுப் படங்கள் என எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒரு பிரதி என்று வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்குப் பதிவுகளை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பழைய தளத்தை மூடும்போது பில்களும் சேர்ந்து போய்விட்டால் ஆடிட்டர் முன்னால் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

4. முழுக்க மாற்றத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். படங்களின் எடையைக் குறைத்து, மொபைலுக்குப் பொருந்தும் வடிவத்தைப் போட்டு, பணம் கட்டும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை பல கடைகளுக்கு உண்டு. அதே சமயம், கடை ஓடும் மென்பொருளுக்கே ஆதரவு நின்றுவிட்டால் யோசிக்க இடமில்லை. மேஜென்டோ முதல் பதிப்புக்கு 2020 ஜூன் 30-ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அப்படிப்பட்ட தளத்தில் இன்னமும் பணம் வாங்கிக்கொண்டிருப்பது ஆபத்து.

5. வாடகைத் தளமா, சொந்தத் தளமா? ஷாப்பிஃபை, சோஹோ காமர்ஸ் போன்றவற்றில் மாத வாடகை கட்டினால் பாதுகாப்பு, பேக்கப் போன்ற தலைவலிகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வூகாமர்ஸ் இலவசம், ஹோஸ்டிங்கும் பராமரிப்பும் நம் பாடு. வீட்டிலிருந்து சில நூறு பொருள் விற்கும் கடைக்கு வாடகைத் தளமே நிம்மதி என்பது என் கருத்து. இதற்கான மென்பொருளைத் தேடி வெளிநாடு போக வேண்டியதுமில்லை. சோஹோவின் தலைமையகம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அளவு சொல்லிச் செய்யும் சிலைகள்தான் உங்கள் முக்கிய வியாபாரம் என்றால், 'வாங்கு' பட்டனைவிட 'விலை கேளுங்கள்' படிவம் நன்றாக அமையும் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் படிவத்தில் உயரம், கல் வகை, எந்த ஊருக்கு, எந்தத் தேதிக்குள் என்ற நாலு கேள்விகள் போதும்.

6. செய்துகொடுப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளே நன்றாகச் செய்துகொடுக்கிறார்கள். அனுபவமுள்ள கம்பெனிகளும் இருக்கின்றன. யாராக இருந்தாலும் என்னென்ன பக்கம், எத்தனை நாள், எத்தனை தவணை, முடிந்த பிறகு எத்தனை மாதம் திருத்தம் இலவசம் என்பது ஒரு தாளில் இருக்கட்டும். பாஸ்வேர்டு எல்லாம் உங்களிடம் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை. புதுப் பொருள் சேர்ப்பது, விலை மாற்றுவது, ஸ்டாக் இல்லை என்று போடுவது ஆகிய மூன்றையும் உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் அவர் போக வேண்டும்.

7. நல்ல நாள் பார்ப்பதுபோல் நல்ல மாதமும் பாருங்கள். சிலை, விளக்கு விற்பவர்களுக்கு ஆடி மாதம் சரி. கிரகப்பிரவேசம் இல்லை, ஆர்டர் குறைவு, ஆவணிக்கும் நவராத்திரிக்கும் முன்னால் குறைகளைச் சரிசெய்யக் கையில் நாள் இருக்கும். நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு வாரத்தில் கரன்ட் இல்லாமல், நெட் இல்லாமல் புதுத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொன்று: 'மழை, புயல் காரணமாக அனுப்புவது தாமதமாகும்' என்று எல்லாப் பக்கத்தின் மேலேயும் ஒரு வரி வருவதுபோல் இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மொபைலிலிருந்தே ஒரு தட்டில் போடவும் எடுக்கவும் முடிய வேண்டும்.

8. செலவைக் குறைக்க நினைத்தால் வடிவமைப்பில் குறையுங்கள், படத்தில் குறைக்காதீர்கள். கல் பொருளைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கருங்கல், உளி பட்ட இடத்தில் வெளிறிய சாம்பல் நிறமாகவும், மெருகேற்றி எண்ணெய் தடவிய இடத்தில் கன்னங்கரேல் என்றும் தெரியும். ஒரே நந்தி, முதுகில் ஒரு நிறம், பீடத்தில் ஒரு நிறம். மெருகு போட்டதை மட்டும் படத்தில் காட்டிவிட்டு, உளிவேலையோடு விட்டதை அனுப்பினால் 'நான் கேட்டது இது இல்லை' என்று போன் வரும். இரண்டு நிலையையும் காட்டுங்கள். எது அனுப்பப்படும் என்று படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். காலை 8 மணிக்கு முன் வரும் சாய்ந்த வெயிலில் உளித் தடம் அழகாகத் தெரியும். உச்சி வெயிலில் சிலையின் முகம் இருண்டுவிடும். பட்டறைத் தூசி லென்ஸில் படியும். ஒவ்வொரு படத்துக்கும் முன் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், அடிப்பாகம், முகம் நெருக்கத்தில், பிறகு யாராவது கையில் ஏந்தியபடி ஒன்று. கையோடு எடுத்த படம் அளவைச் சட்டென்று சொல்லிவிடும்.

9. படத்தின் பெயரை மாற்றி ஏற்றுங்கள். கேமரா வைத்த வெறும் எண்ணோடு ஏற்றினால் கூகுளுக்கு ஒன்றும் புரியாது. 'கருங்கல் நந்தி 9 அங்குலம்' என்று வையுங்கள். படத்துக்கான மாற்று உரையையும் தமிழில் எழுதுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் மொபைல் அதைத்தான் படித்துக் காட்டும். ஒவ்வொரு படமும் வெப்பி வடிவத்தில் 200 கேபிக்குள் இருக்கட்டும்.

10. எடையையும் அளவையும் மறைக்காதீர்கள். உயரம், அகலம், ஆழம் மூன்றும் அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும், எடை கிலோவில். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ வரும். ஒரு அடி விநாயகர் என்றால் பொம்மை மாதிரி தூக்கிவிடலாம் என்று நினைத்து மூன்றாவது மாடிக்கு ஆர்டர் செய்பவர்கள் உண்டு. கூரியர் கட்டணம் வேறு கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பெரும்பாலான கூரியர்கள் பணம் வாங்குகிறார்கள். கல்லுக்கு உண்மை எடைதான் ஜெயிக்கும். வடகம், அப்பளத்துக்குப் பெட்டியளவு ஜெயிக்கும். ஆகவே பொருளின் அளவு தனி, பேக்கிங் செய்த பெட்டியின் அளவு தனி என்று தளத்தில் இரண்டு இடம் கேளுங்கள். முதலாவது வாடிக்கையாளர் பார்க்க. இரண்டாவது டெலிவரிக் கட்டணத்தைத் தளமே கணக்குப் போட.

11. ஒரே பொருளை ஊர் உலகம் எப்படியெல்லாம் தேடும் என்று யோசியுங்கள். கல்சட்டி, கல் சட்டி, மாக்கல் சட்டி, ஆங்கில எழுத்தில் அடிக்கும் நாலைந்து விதம் எல்லாமே தேடல் பெட்டியில் ஒரே பொருளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். மாமல்லபுரம் என்று தேடுபவர்களும் உண்டு. மகாபலிபுரம் என்று தேடுபவர்களும் உண்டு. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இரண்டும் வரட்டும்.

12. தமிழ் எழுத்தில் கவனம். பழைய தளத்தில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பக்கங்கள் இருந்தால், அப்படியே நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். எழுத்துக்கு இடையே இடைவெளி விடும் அலங்காரம் தமிழுக்கு ஆகாது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே நிற்கும். வரிக்கு வரி கொஞ்சம் கூடுதல் இடைவெளி கேளுங்கள். ஆங்கிலத்தில் வடிவமைத்த பட்டனில் 'கூடையில் சேர்க்கவும்' அடங்காமல் வெட்டுப்படும், அதையும் பார்த்துவிடுங்கள்.

13. டெவலப்பரின் பெரிய திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். இரண்டு மூன்று வருடம் பழைய, திரை கீறிய, குறைந்த விலை மொபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு–சென்னை மின்சார ரயிலில் ஏறுங்கள். கொளவாய் ஏரியைத் தாண்டிப் போகும்போது சிக்னல் ஏறி இறங்கும் நேரத்தில் உங்கள் தளத்தைத் திறந்து, ஒரு பொருளைத் தேடி, ஒரு கையால் கட்டைவிரலை மட்டும் வைத்துப் பணம் கட்டும் இடம் வரை போய்ப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். முகப்பில் தானாக நகரும் பெரிய படவரிசை இருந்தால் அது நடக்காது. அதை எடுத்துவிட்டு, அதிகம் போகும் ஆறு பொருளை அங்கே வையுங்கள். 'ஆப் போட்டுக்கலாமே' என்று யாராவது சொன்னால் மிந்த்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 மே மாதம் வெப்சைட்டை மூடி ஆப் மட்டும் என்று மாறிய அவ்வளவு பெரிய கடையே, அடுத்த வருடம் வெப்சைட்டைத் திரும்பத் திறந்தது.

14. கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் பெரிய கடை ஒன்றில் 'பதிவு செய்க' பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்கு இல்லாமலே வாங்கலாம் என்று ஒரு வரி எழுதியதும், வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள்; முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. ஜாரெட் ஸ்பூல் என்ற பயன்பாட்டு வல்லுநர் 2009-ல் எழுதியது இது. நம் கடைக்கு மொபைல் நம்பரும் முகவரியும் போதும். பிறந்த தேதி எதற்கு?

15. முகவரிப் படிவம் நம் ஊருக்கு ஏற்றதாக இருக்கட்டும். கதவு எண், தெரு, ஊர், 'பக்கத்தில் என்ன இருக்கிறது', பின்கோடு, இன்னொரு போன் நம்பர். பின்கோடு அடித்ததும் மாவட்டமும் மாநிலமும் தானாக வருவது நல்ல வசதி. ஆனால் திருத்த முடிய வேண்டும். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29-ல். பழைய பட்டியல்களில் 603104 என்று அடித்தால் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம் என்று வரும். உங்கள் கடையின் முகவரியும் பில்லில், 'தொடர்புக்கு' பக்கத்தில், கூகுள் மேப்பில் மூன்றிலும் ஒரே மாதிரி புது மாவட்டத்தோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

16. கட்டணத்தை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டாதீர்கள். 800 ரூபாய் விளக்கு, பணம் கட்டும் பக்கத்தில் 1,150 ஆனால் யாரும் அங்கே நிற்கமாட்டார்கள். டெலிவரி எவ்வளவு என்று பொருள் பக்கத்திலேயே பின்கோடு போட்டுப் பார்க்க வழி வையுங்கள். 'இன்னும் 2 மட்டுமே' என்று பொய்யாக எழுதுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைச் சொட்டுச்சொட்டாகக் கூட்டுவது எல்லாம் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 ஏமாற்று உத்திகளில் வருகின்றன. சில ரெடிமேட் வடிவமைப்புகளில் இவை முன்கூட்டியே இருக்கும், அணைத்துவிடச் சொல்லுங்கள்.

17. வரியைப் பொருள்வாரியாகப் போட இடம் வேண்டும். கல்லாலான தெய்வச் சிலைகளுக்கு 2018 முதல் ஜிஎஸ்டி இல்லை. அதே கல்லில் செய்த மற்ற பொருள்களுக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களுக்கு வீதமே மாறியது. மொத்தக் கடைக்கும் ஒரே வீதம் என்று டெவலப்பர் உள்ளே எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அவரைத் தேடிப் போக வேண்டும். எந்தப் பொருளுக்கு எது என்று ஆடிட்டரிடம் பட்டியல் வாங்கி ஏற்றுங்கள்.

18. சட்டம் கேட்கும் பக்கங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், திருப்பி அனுப்பும் விதி, புகார் கேட்கும் அலுவலரின் விவரம் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. பாக்கெட்டில் அடைத்து விற்பவர்கள் எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பதையும் பொருள் பக்கத்திலேயே போட வேண்டும். உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். வேறு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய விதிமுறைகளில் வேறு ஊர், வேறு கோர்ட் பெயர் வரும். நாலே பத்தியானாலும் நீங்களே தமிழில் எழுதுங்கள். குறிப்பாக, கல் பொருள் உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள்? பார்சல் பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டுமா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், பணமா மாற்றுப் பொருளா என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

19. பழைய பட்டியலை அப்படியே ஏற்றாதீர்கள்; களையெடுக்க இதுதான் சமயம். கடற்கரை ஊரில் சங்கு, சிப்பிப் பொருள் விற்பவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, சில வகைச் சங்குகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. அலங்காரப் பொருளாக எப்போதோ ஏற்றிய ஒரு பழைய பக்கம்கூட இருக்கக் கூடாது. சிலை விற்பவர்கள் 'பழங்கால', 'ஆன்டிக்' போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். நூறாண்டு தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் தடுக்கிறது. புதுச் சிலைதான் என்று காட்டத் தொல்லியல் துறையின் சான்றிதழ் கேட்பார்கள். போன மாதம் செதுக்கிய சிலைக்கு நம் தளமே 'பழங்காலம்' என்று சாட்சி சொன்னால் சுங்கத்தில் யாரிடம் போய் வாதாடுவது?

20. சிற்பியின் பெயரைப் போடுங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முத்திரையைப் பதிவுபெற்ற பயனாளர் மட்டுமே பயன்படுத்தலாம். உங்கள் பட்டறை பதிவு செய்திருந்தால் எண்ணோடு போடுங்கள், இல்லையென்றால் முதலில் பதிவு செய்யுங்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, செய்தவரின் பெயர். 1957-ல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியில் படித்தவரா, அப்பாவிடம் கற்றவரா, இந்தச் சிலைக்கு எத்தனை நாள் ஆனது என்று அவர் சம்மதத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். மெஷினில் பாதி, கையில் பாதி என்றால் அதையும் எழுதுங்கள். விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

21. பணம் கட்டும் வழி. யுபிஐ முதலில், கார்டு அடுத்து, நெட்பேங்கிங் கடைசியில். 2022 அக்டோபர் முதல் கார்டு எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைக்கக் கூடாது. பேமென்ட் கேட்வே அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு ரூபாய் பொருள் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு வழியிலும் உண்மையாகவே பணம் கட்டிப் பாருங்கள். பாதியில் நெட்டை அணைத்தும் பாருங்கள். பணம் போய், ஆர்டர் பதிவாகாமல் நின்றால் வாடிக்கையாளருக்கு என்ன செய்தி போகிறது? அந்தச் செய்தியில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அனுப்புபவர்கள், அஞ்சல் துறையின் தாக் கர் நிர்யாத் கேந்திரா சேவையைப் பற்றிப் பெரிய தபால் நிலையத்தில் விசாரியுங்கள். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஓடு போய்விட்டது. அந்த வரியை யார் கட்டுவது என்று உங்கள் தளத்தில் இருக்கிறதா?

22. எல்லாவற்றிலும் முக்கியமான குறிப்பு இது: பழைய லிங்க் ஒன்றுகூடச் சாகக் கூடாது. வீடு மாறினால் தபால்காரரிடம் புது முகவரி சொல்லிவிட்டு வருகிறோம் இல்லையா, அதே வேலைதான். யாரோ ஒரு பெண்மணி மூன்று வருடத்துக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் அம்மிக்கல் பக்கத்தைப் பகிர்ந்திருப்பார். இன்று அவருடைய நாத்தனார் அதைத் தட்டினால் 'பக்கம் இல்லை' என்று வரக் கூடாது. எக்செல் ஷீட்டில் இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் புதியது. 'ஐடி=147' என்று முடியும் பழைய பக்கம் கருங்கல் நந்தி என்றால், அதே நந்தியின் புதுப் பக்கத்துக்கு நிரந்தர ரீடைரக்ட் போக வேண்டும். இதை 301 என்பார்கள். பொருளே இப்போது இல்லையென்றால் அதே வகைப் பொருள்கள் உள்ள பக்கத்துக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. வந்தவரும் குழம்புவார், கூகுளும் மதிக்காது. முதல் குறிப்பில் எடுத்த பட்டியல் இங்கேதான் உதவும். திறக்கும் நாளன்று அந்தப் பட்டியலின் முதல் 50 லிங்க்கையாவது ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வேலை நடக்கும்போது, கூகுள் பார்க்க வேண்டாம் என்று தற்காலிகத் தளத்தில் ஒரு தடை போட்டிருப்பார்கள். திறக்கும் அன்று அதை எடுத்தார்களா என்று கேட்கவும் மறக்காதீர்கள்.

23. பழைய வாடிக்கையாளரை மறுபடி பதிவு செய்யச் சொல்லாதீர்கள். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் மூன்று வருடம் உழைத்து, 15 கோடி பவுண்டு செலவில் 2014 பிப்ரவரியில் புதுத் தளம் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. புது அமைப்பும் பழகவில்லை. தளம் திறந்தபின் வந்த காலாண்டில் ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் இறங்கியது. அவ்வளவு பெரிய கடை அதைத் தாங்கி எழுந்தது, நம்மால் ஆகுமா? மொபைல் நம்பரும் ஓடிபியும் போட்டால் பழைய ஆர்டர்கள் எல்லாம் தெரிய வேண்டும். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: கடை அதேதான், வெப்சைட் முகவரி அதேதான், தோற்றம்தான் மாறுகிறது, சந்தேகம் என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். தோற்றம் திடீரென்று மாறினால் மோசடித் தளமோ என்று பயப்படுவார்கள். இந்தக் காலத்தில் அந்தப் பயம் நியாயமானது.

24. செவ்வாய், புதன் மாதிரி ஒரு வார நாளில், காலையில், சத்தமில்லாமல் திறங்கள். விளம்பரமும் தள்ளுபடியும் இரண்டு வாரம் கழித்து இருக்கட்டும். 2014 அக்டோபர் 6 அன்று பெரிய தள்ளுபடி அறிவித்த ஃப்ளிப்கார்ட்டே கூட்டம் தாங்காமல் திணறி, மறுநாள் மன்னிப்புக் கேட்டது. பழைய தளத்தை ஒரு மாதமாவது அழிக்காமல் ஓரமாக வைத்திருங்கள். சர்ச் கன்சோலில் 'பக்கம் இல்லை' பட்டியலை முதல் இரண்டு வாரம் தினமும் பாருங்கள். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கூப்பிடுபவர்கள் கேட்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'லிங்கத்துக்கு ஆவுடையார் சேர்த்தா, தனியா?' என்று இரண்டு பேர் கேட்டுவிட்டால், அன்று மாலையே அந்தப் பொருளின் பக்கத்தில், விலைக்கு நேர் கீழே, பதிலை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.